சட்டையில் ஏறாத பேட்டைகள்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் நம்மவர்க்குச் சென்னை மீது காதலும் பிறந்துவிடுகிறது. 1639 ஆகஸ்ட் 22-ஐ நகரின் பிறந்தநாளாகக் கொண்டு 2004 முதல் விழா எடுக்கிறோம். அவ்விழாவின் சீருடையாகவே ஆகிவிட்டது, பேட்டைப் பெயர் பொறித்த டி-ஷர்ட்.

சென்ற ஆண்டு என் முதுகலை மாணவர் ஒருவர் அத்தகைய ஒன்றை அணிந்து வகுப்புக்கு வந்தார். மார்பில் கபாலீசுவரர் கோபுரம், அதனடியில் ஆவி பறக்கும் டபரா செட்டு, ஒரு மாக்கோலம். ஓவியத்தில் குறையில்லை. "சிந்தாதிரிப்பேட்டைக்கும் இப்படி உண்டா?" என்று கேட்டேன். "அங்கே வரைவதற்கு என்ன இருக்கிறது ஐயா?" என்றார். அவரை நான் குறை சொல்லவில்லை. அவருக்குச் சட்டை விற்றவர்களோடுதான் எனக்கு வழக்கு.

இந்த நகரமே துணிக்காகப் பிறந்தது. கோட்டை கட்ட இவ்விடத்தைப் பிரான்சிஸ் டே தேர்ந்தெடுத்ததற்கான முதன்மைக் காரணங்களுள் ஒன்று, இங்கே துணி மலிவாகக் கிடைத்தது என்பது. கும்பினியாரின் துணிகளை வெளுத்தவர்கள் வாழ்ந்த இடம் வண்ணாரப்பேட்டை. 1717 முதல் 1720 வரை ஆளுநராயிருந்த ஜோசப் காலெட்டின் பெயரால் நெசவாளர்க்கென எழுந்த குடியிருப்புதான் திருவொற்றியூரை ஒட்டிய காலடிப்பேட்டை. காலெட் நம் நாவில் காலடியாகிவிட்டார்! 1734-இல் மார்ட்டன் பிட் ஆளுநராயிருந்தபோது, கூவம் வளையும் இடத்தில், சுங்குராமச் செட்டியின் தோட்டத்தில் உருவானது சிந்தாதிரிப்பேட்டை. நூற்போர், நெய்வோர், துணியில் ஓவியம் தீட்டுவோர், வெளுப்போர், கோயிற்பணியாளர் ஆகியோரைக் குடியேற்றவே அது வகுக்கப்பட்டது. சின்னத் தறிப் பேட்டையே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பர்.

ஆக, துணியின் மீது வரைவதற்கு முதல் உரிமை கோரக்கூடிய பேட்டைகள் இவை. துணியிலேயே பூவும் கொடியும் தீட்டியவர்கள் குடியேறிய ஊரில் 'வரைய ஒன்றுமில்லை' என்கிறோம்!

வேடிக்கைக்கு அணியும் சட்டையில் சமூக வரலாற்றைத் தேடலாமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். வேடிக்கை என்று விற்றால் தேடமாட்டேன். ஆனால் 'பாரம்பரியம்' என்றல்லவா அச்சிட்டு விற்கிறார்கள்? கோபுரமும் காப்பியும் பாரம்பரியம், தறியும் வெள்ளாவியும் வெறும் பிழைப்பு என்று பிரித்தது யார்? உழைப்பின் வாடை வீசாத பேட்டைக்குத்தான் சந்தையில் மதிப்பு என்ற கணக்கு இதற்குள் இருக்கிறது. சாதிக் கணக்கும் இருக்கிறது. சொல்லக் கூசுவானேன்?

இளங்கோவடிகளுக்கு இந்தக் கூச்சம் இல்லை. புகாரின் மருவூர்ப்பாக்கத்தைப் பாடும்போது பட்டிலும் மயிரிலும் பருத்தி நூலிலும் நுண்வினை செய்த காருகர் இருக்கையை அவர் விடவில்லை. மீன் விற்போரையும் உப்பு விற்போரையும் அந்த வரிசையிலேயே நிறுத்தினார். இன்றைய சிந்தாதிரிப்பேட்டை மீன் அங்காடியைக் கண்டிருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு கோபுரத்தை மட்டும் பாடிவிட்டுப் போயிருக்கமாட்டார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 'மெட்ராஸ்' என்பது உலகச் சந்தையில் ஒரு கட்டம்போட்ட பருத்தித் துணியின் பெயர். நைஜர் ஆற்றுக் கழிமுகத்தின் கலபாரி மக்கள் அத்துணியை வாங்கி, அதன் இழைகளை ஒவ்வொன்றாக அறுத்து உருவி, புதிய கோலங்களை உண்டாக்கித் தம் சடங்குகளில் உடுத்தினார்கள். நம் துணியைக் கொண்டு அவர்கள் தமக்கென ஒரு மரபு சமைத்துக்கொண்டார்கள். நாமோ எங்கே, யார் கையால் ஆனது என்று தெரியாத பின்னலாடை மீது 'மெட்ராஸ்' என்று எழுதி மகிழ்கிறோம். மாணவரிடம் சட்டையின் கழுத்துப் பட்டியைக் காட்டச் சொன்னேன். அளவும் சலவைக் குறிப்பும் இருந்தன. நெய்த ஊரும் இல்லை, தைத்தவர் பெயரும் இல்லை.

வருகிற ஆகஸ்டில் யாரேனும் சிந்தாதிரிப்பேட்டைக்கு ஒரு சட்டை செய்யட்டும். கைத்தறித் துணியில், தறிக்குழியும் மீன்கூடையும் சேர வரைந்து, நெய்தவர் பெயரைப் பட்டியில் இட்டு. விலை சற்றுக் கூடினாலும் எனக்கு ஒன்று எடுத்து வைக்கவும். அளவு 42.