காதுக்கு அளவு பார்த்து விற்போம்

மளிகை வியாபாரிகளின் இதழில் இயர்போனைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று உறுப்பினர்கள் கேட்கலாம். கொத்தமங்கலம் போன்ற ஊர்களில்கூட இன்று கல்லாவுக்கு மேலே ஷாம்பூ பாக்கெட் சரத்தோடு இயர்போன் அட்டையும் தொங்குகிறது. பருப்பு வாங்க வருகிற பையன் அதையும் ஒன்று கேட்டு வாங்கிப் போகிறான். ஆகவே அதுவும் நம் சரக்குதான். விற்கிற சரக்கின் குணம் தெரியாமல் விற்பது வியாபாரமல்ல.

சத்தத்தை விற்பது நம் பகுதிக்குப் புதிய தொழிலும் அல்ல. காரைக்குடியில் ஆவிச்சி செட்டியார் நடத்திய ஏ.வி. அண்டு சன்ஸ் கடையில் கிராமபோன் இசைத்தட்டு விற்றார்கள். அந்தக் கடையில் தொழில் பழகிய மகன் மெய்யப்பன்தான் சென்னைக்குப் போய், 1932-ல் கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற பெயரில் இசைத்தட்டுத் தொழில் தொடங்கினார். பிற்பாடு ஏவி.எம். ஆனதும், தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டுப் படம் எடுத்ததும் ஊரறிந்த கதை. இசைத்தட்டு வாங்க வந்தவருக்குப் போட்டுக் காட்டித்தான் விற்பார்கள். கேட்டுப் பார்த்து வாங்குவது அந்த வியாபாரத்தின் முறை.

அந்த முறை இப்போது எங்கே போயிற்று என்பதுதான் நம் கேள்வி.

நமக்கு நேர்ந்தது

மகள் வயிற்றுப் பேரன் சென்னையில் என்ஜினீயரிங் படிக்கிறான். பாட்டுப் பைத்தியம். நல்ல மார்க் எடுத்தான் என்று 24,000 ரூபாய்க்கு ஒரு இயர்போன் வாங்கிக் கொடுத்தோம். சென்னையில் பெரிய கடைதான். பெயர் வேண்டாம். ஊருக்கு வந்து காதில் மாட்டிய பேரன் முகம் வாடிப் போயிற்று. "ஐயா, இடது பக்கம் நல்லா இருக்கு. வலது பக்கம் தகரம் தட்டுன மாதிரி கேக்குது. மிருதங்கமே காணோம்" என்றான்.

கடைக்குப் போன் போட்டோம். "காதுக்குள் போட்ட சரக்கு, திரும்ப எடுப்பதில்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். ஒரு மூட்டை மிளகாயில் வண்டு இருந்தால் மறு பேச்சில்லாமல் மாற்றித் தருகிறவர்கள் நாம். 24,000 ரூபாய்ச் சரக்குக்கு இதுதான் மரியாதையா என்று ஒரு மாதம் பொருமிக்கொண்டிருந்தோம்.

பிறகு பேரனோடு கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கிற நண்பன் ஒருவன் வந்தான். இயர்போனைத் திருப்பிப் பார்த்தான். பெட்டியைக் கேட்டான். அடித்தட்டில் ஒரு சிறு உறையில் இருந்த ரப்பர் மூடிகளைக் கொட்டி, வலது பக்கத்துக்கு மட்டும் பெரிய அளவு ஒன்றை எடுத்து மாட்டினான். அவ்வளவுதான். மிருதங்கம் வந்துவிட்டது, தொப்பியும் வலந்தலையும் தனித்தனியாக.

பழுது சரக்கில் இல்லை. பேரனுக்கு இடது காது நடுத்தர அளவு, வலது காது பெரிய அளவு. பலருக்கும் இரண்டு காதுத் துளையும் ஒரே அளவாக இருப்பதில்லையாம். துளைக்கும் மூடிக்கும் நடுவே நூலிழை சந்து இருந்தாலும் அடித்தொனி முழுதும் அதன் வழியே ஒழுகிவிடும். மிச்சம் நிற்பது கீச்சென்ற சத்தம்தான். இதைச் சொல்லக் கடைக்காரருக்கு அரை நிமிஷம் போதும். அவர் சொல்லவில்லை. பெட்டியின் அடித்தட்டைத் திறந்து பார்க்க நமக்கும் தோன்றவில்லை. 43 வருஷம் சாக்கின் அடி வரை கையை விட்டுப் பார்த்து எள் வாங்கியவர் நாம் என்பதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

மூன்று சரக்கு, ஒரே தராசு

அதிலிருந்து ஆவல் பிறந்தது. பொங்கல் விடுமுறைக்கு வரும்போது பேரன் நண்பர்களிடம் இரவல் வாங்கி உயர்ந்த ரகங்கள் மூன்றைக் கொண்டு வந்தான். கடை மாடியில் உட்கார்ந்து இரண்டு நாள் கேட்டோம். அரிசி மாதிரி பார்ப்பது போல, ஒரே போன், ஒரே பாட்டு, ஒரே சத்த அளவு. இந்தக் கடைசி விஷயம் முக்கியம். இரண்டு இயர்போனில் எது கொஞ்சம் கூடுதலாகச் சத்தம் போடுகிறதோ, அதுதான் நல்லது என்று காது நம்பிவிடும். விற்க நினைக்கிற சரக்குக்கு மட்டும் சத்தத்தைக் கூட்டி வைப்பது, தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டுவதற்குச் சமம்.

முதலாவது, எடிமோடிக் கம்பெனியின் ஈ.ஆர்.4. 1991-ல் வந்த ரகம். காது பற்றிய ஆராய்ச்சியில் ஊறிய மீட் கில்லியன் தொடங்கிய கம்பெனி அது. காது கேட்கும் கருவிகளில் வைக்கிற சிறு ஒலிப்பொறியைத்தான் இதிலும் வைத்திருக்கிறார்கள். மூன்றடுக்கு ரப்பர் மூடி. காதுக்குள் ஆழமாகப் போகவேண்டும். முதல் தடவை டாக்டர் காது பார்ப்பது போலிருந்தது. சரியாக உட்கார்ந்ததும் கீழே லாரியில் மூட்டை இறக்குகிற சத்தம்கூட மறைந்து போயிற்று. பாடகர் குரல் கண்ணாடி போலத் தெளிவு. தவில், மிருதங்கம் அளவோடு வருமே தவிர அதிராது. ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்க நம்மால் முடியவில்லை.

இரண்டாவது, ஷூர் எஸ்.இ.846. 2013-ல் வந்தது. ஒரு காதுக்கு நான்கு ஒலிப்பொறி. ஒயரைக் காதுக்கு மேலே சுற்றிப் பின்பக்கம் விடவேண்டும். மேடைப் பாடகர்கள் காதில் மாட்டுகிற பாணி இது. பஞ்சு மூடியை விரலால் நசுக்கி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து உள்ளே வைத்து, பஞ்சு விரிகிற வரை அரை நிமிஷம் பிடித்திருக்க வேண்டும். பிறகு காதோடு காதாக ஒட்டிக்கொள்கிறது. சாய்ந்து படுத்தாலும் உறுத்தவில்லை. இளையராஜா 1986-ல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பை இதில் கேட்டபோது அடித்தொனிக் கருவிகள் நெஞ்சில் வந்து நின்றன. பேரன் கட்சி இதுதான்.

மூன்றாவது, சென்ஹைசர் ஐ.இ.900. 2021-ல் ஏறத்தாழ 1,300 டாலர் விலையில் வந்தது. நம் பணத்தில் லட்சம் ரூபாய் அளவு. இதில் ஒரு காதுக்கு ஒரே ஒலிப்பொறிதான், 7 மில்லிமீட்டர் குறுக்களவு. எண்ணிக்கையைப் பார்த்து விலை போடக்கூடாது என்பதற்கு இதுவே சாட்சி. கையில் வைத்தால் கனமே தெரியவில்லை. காதில் மேலாகத்தான் உட்காருகிறது. பாட்டு தலைக்குள் அடைபடாமல் கூடத்தில் உட்கார்ந்து கேட்பது போல் விரிகிறது. ஆனால் மூடி அளவு தவறினால், லட்ச ரூபாயும் நம் பேரனின் தகரச் சத்தம்தான். போட்டுப் பார்த்துவிட்டோம்.

தேவகோட்டை ரஸ்தா கொட்டகையில் எடுத்த 'நாம் இருவர்' (1947) படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதியார் பாட்டையும் மூன்றிலும் போட்டோம். பழைய பதிவுக்கு விலையுயர்ந்த இயர்போன் உதவவில்லை. தேய்ந்த தட்டின் கரகரப்புதான் கூடுதலாகக் கேட்டது. பழைய பாட்டு மட்டும் கேட்கிறவருக்கு உயர்ந்த ரகத்தைத் தலையில் கட்டுவது நியாயமல்ல என்று அங்கேயே தெரிந்துகொண்டோம்.

நமக்குக் கேட்காதது

இரண்டாம் நாள் ஒன்று நடந்தது. "ஐயா, ஐ.இ.900-ல கஞ்சிரா சலங்கை தனியா கேக்குதே, கவனிச்சீங்களா?" என்றான் பேரன். நமக்குச் சலங்கையே கேட்கவில்லை. மூடியை மாற்றினோம். கேட்கவில்லை. போனில் ஒரு பரீட்சை வைத்தான். ஒற்றைச் சுருதியாக ஓடவிட்டு மேலே ஏற்றிக்கொண்டே போனான். 8,000 ஹெர்ட்ஸில் ஈ ரீங்கரிப்பது போல் கேட்டது. 12,000-ல் ஒன்றுமில்லை. அவனுக்கு 16,000 வரை கேட்டது.

வயதானால் மேல் ஸ்தாயி முதலில் மங்குவது இயற்கைதான். ஆனால் நம் காதை வயது மட்டும் கெடுக்கவில்லை. 30 வருஷம் எண்ணெய்ச் செக்கு மோட்டாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கெழுதினோம். உள்காதில் ஒலியை வாங்குகிற நுண்ணிய மயிரணுக்கள் ஒரு தடவை செத்தால் திரும்ப முளைப்பதில்லை என்று டாக்டர் சொன்னார். யாரும் அப்போது நமக்குச் சொல்லவில்லை.

இப்போது நம் கடையில் மூட்டை தூக்குகிற பையன்கள் 100 ரூபாய் இயர்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க வேலை செய்கிறார்கள். அந்த மூடி காதில் பொருந்துவதில்லை. வெளிச்சத்தம் உள்ளே வருகிறது. அதை அமுக்கப் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு இது: 80 டெசிபல் சத்தம் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். பத்து டெசிபல் ஏறினால் காலம் பத்தில் ஒரு பங்காகிறது. நன்றாகப் பொருந்துகிற மூடி போட்டால் வெளிச்சத்தம் தானே அடங்கும். பாட்டைத் தாழ்த்தி வைத்தாலும் தெளிவாகக் கேட்கும். சாலையைக் கடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் கழற்றிவிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆகப் பொருத்தம் என்பது பணக்காரப் பிள்ளைகளின் சொகுசு இல்லை. நம் கடைப் பையனின் செவியைக் காக்கிற விஷயம்.

ஒயரா, ஒயர் இல்லாததா?

ப்ளூடூத் ரகத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். வசதிதான். ஆனால் அதற்குள் இருப்பது சின்ன லித்தியம் பேட்டரி. ஏற்றி இறக்க ஏற்றி இறக்கச் சக்தி குறைவது எந்த லித்தியம் பேட்டரிக்கும் உள்ள குணம். காரைக்குடியில் வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலம் கொடுத்து, 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் பேட்டரி ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர்கள். அந்த ஊர்க்காரர்களாகிய நாம் 'ஆயுசுக்கும் உழைக்கும்' என்று சொல்லி விற்கக்கூடாது. மேலே சொன்ன ஒயர் ரகங்களில் ஒயர் அறுந்தால் ஒயரை மட்டும் மாற்றலாம். ஒயர் இல்லாத சிறு ரகத்தில் பேட்டரி போனால் பெரும்பாலும் சரக்கே போயிற்று. இரண்டையும் சொல்லி வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுக்க விடவேண்டும்.

நாம் செய்யக்கூடியது

லட்ச ரூபாய்ச் சரக்கை மளிகைக் கடையில் வைக்கச் சொல்லவில்லை. 300, 500 ரூபாய்ச் சரக்குக்கும் இதே நியாயம்தான்.

ஒன்று, மூன்று அளவு மூடியும் பெட்டியில் உள்ள ரகத்தையே கொள்முதல் செய்வோம். தனி மூடிகளையும் கொஞ்சம் ஸ்டாக் வைப்போம்.

இரண்டு, மாதிரிக்கு ஒரு செட் கல்லாவில் இருக்கட்டும். ஒவ்வொருவருக்கும் புது மூடி மாட்டியோ, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தோ கொடுப்போம். இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று என்று தனித்தனியாக அளவு பார்ப்போம்.

மூன்று, அட்டையில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை இல்லாத சரக்கைத் தொடவேண்டாம். ப்ளூடூத் ரகத்தில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று பார்ப்போம். பெரிய கம்பெனி பெயரில் வருகிற போலி, இன்று நாலு காசு தரும், நாளைக்குக் கடைப் பெயரைக் கெடுக்கும்.

நான்கு, பில்லில் ரகத்தின் பெயரை எழுதி, எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவோம் என்பதையும் எழுதுவோம்.

கடையில் போட்டுப் பார்த்துவிட்டு ஆன்லைனில் வாங்குகிறார்கள் என்று நண்பர்கள் சலித்துக்கொள்வது தெரியும். நமக்கும் அந்த அனுபவம் உண்டு. ஆனால் ஆன்லைன் வியாபாரியால் செய்யமுடியாத ஒரே காரியம், எதிரில் நிற்கிறவர் காதைப் பார்த்து, "தம்பி, உனக்கு வலதுக்குப் பெரிய அளவு போடு" என்று சொல்வதுதான். அதையும் நாம் விட்டுவிட்டால் அப்புறம் கடை எதற்கு?

செருப்புக்காகக் காலைத் தறிக்கிறதா என்று பெரியவர்கள் கேட்பார்கள். காதுக்கும் அதே பேச்சுதான். சலங்கைச் சத்தம் நமக்கு இனிமேல் கேட்கப்போவதில்லை. கடைப் பையன்கள் ஆறு பேருக்கும் காது அளவு பார்த்து ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அவர்களுக்காவது 60 வயதிலும் கேட்கட்டும்.