பாடல் மட்டும் ஆராதனை ஆகுமா?



“இன்று ஆராதனை மிகவும் ஆசீர்வாதமாயிருந்தது” என்று சொல்லும்போது நாம் பெரும்பாலும் பாடல்வேளையையே குறிக்கிறோம். கண்கள் கலங்கின, ஆகவே தேவன் மகிழ்ந்தார் என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஆமோஸ் 5:21-24ஐ வாசித்துப் பாருங்கள். அங்கே பண்டிகைக்கும் பலிக்கும் இசைக்கும் குறைவில்லை. ஆயினும் தேவன் அவற்றை வெறுத்துத் தள்ளினார். ஏன்? ஊர்வாசலில் ஏழைக்கு நீதி மறுக்கப்பட்டிருந்தது.

இது இஸ்ரவேலின் பழங்கதை மட்டுமன்று. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், திருச்சபையில் சாதி வேற்றுமை அறவே ஒழியவேண்டும் என்று தென்னிந்திய சபைகளுக்கு எழுதினார். தஞ்சையில் பலர் வேற்றுமையை விடவில்லை, சபையை விட்டார்கள். இன்றும் சில ஊர்களில் கல்லறைத்தோட்டத்திலும் சாதி பிரித்தே அடக்கம் நடக்கிறது. அதே ஊர்களில் ஞாயிறுதோறும் துதிப்பாடல்களும் முழங்குகின்றன!

“ஆராதனையில் சமூகப் பிரச்சினையைக் கலக்காதீர்கள்” என்பார் உண்டு. கலந்தவன் நானல்லேன். காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகும்படி மத்தேயு 5:23-24இல் கட்டளையிட்டவர் ஆண்டவரே.

ஆகவே, வருகிற ஞாயிறு ஆலயத்துக்குப் புறப்படுமுன், எந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க உங்கள் மனம் கூசுகிறதோ, அந்த வீட்டுக்குச் செல்லுங்கள். அந்த வாசலில் குனிய மறுக்கும் தலை, பலிபீடத்தின்முன் எத்தனைமுறை குனிந்தாலும் அது ஆராதனையாகாது.

கர்த்தர் நம்மை உண்மையாய்த் தொழுதுகொள்ளுகிறவர்களாக்குவாராக. ஆமென்.