கல்லூரி இடம் பிச்சையா, பாத்தியதையா?

சில வருஷங்களாக நம் நாட்டில் ஒரு கூச்சல் பலமாய்க் கேட்டு வருகின்றது. சர்க்கார் பள்ளிக்கூடத்தில் 12-ம் வகுப்பு முடித்த ஏழைப் பிள்ளைகளுக்குச் சர்க்கார் செலவில் கல்லூரியில் இடம் கொடுப்பது "இலவசம்" என்றும், இலவசம் ஜனங்களைச் சோம்பேறிகளாக்கி விடும் என்றும், இதனால் "தகுதி, திறமை" எல்லாம் பாழாய்ப் போய்விடும் என்றும் சிலர் வாய் வலிக்கப் பேசி வருகின்றார்கள். இப்படிப் பேசுகின்றவர்களின் நியாயம் எவ்வளவு தூரம் யோக்கியமானது என்பதை ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய இடங்களில் உழைத்துப் பிழைக்கும் ஜனங்களின் நிலைமையிலிருந்தே பார்க்க விரும்புகின்றோம்.

முதலாவது, கொடுக்கப்பட்டது என்ன என்பதைத் தெரிந்து கொள்ளுவோம். வைத்தியப் படிப்புக்கு 2017 முதல் நம் மாகாணத்தில் நீட் பரீட்சை கட்டாயமாயிற்று. அதன் பலன் என்ன? 12-ம் வகுப்புப் பிள்ளைகளில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் சர்க்கார் பள்ளியில் படிக்கின்ற இந்நாட்டில், 2019-20-ம் வருஷத்தில் எம்.பி.பி.எஸ். வகுப்புக்குப் போன சர்க்கார் பள்ளிப் பிள்ளைகள் 6 பேர்! இதைப் பார்த்த பிறகுதான் நீதிபதி கலையரசன் கமிட்டி போடப்பட்டது. அக்கமிட்டி 100-க்கு 10 இடம் ஒதுக்கலாம் என்றது. சர்க்கார் அதை ஏழரையாகக் குறைத்து 2020-ல் சட்டம் செய்தது. அந்த வருஷமே 313 பேருக்கு எம்.பி.பி.எஸ். இடமும், 92 பேருக்குப் பல் வைத்திய இடமும், ஆக 405 இடங்கள் கிடைத்தன.

நாம் கேட்கின்றோம்: முதல் வருஷம் 6 பேருக்கு மட்டும் இருந்த மூளை, அடுத்த வருஷம் முந்நூற்றுச் சொச்சம் பேருக்குத் திடீரென்று முளைத்துவிட்டதா? மூளை முன்னும் இருந்தது. கதவுதான் அடைத்திருந்தது. மேலும் இந்தப் பிள்ளைகளும் "தகுதி"க்காரர்கள் கும்பிடுகின்ற அதே நீட் பரீட்சையில் தேறித்தான் வரவேண்டும். கல்லூரிக்குள் போன பிறகும் மற்றவர்கள் எழுதும் அதே பரீட்சையை எழுதித்தான் டாக்டராக வேண்டும். அப்படியிருக்கத் தகுதி எங்கே கெட்டுப் போயிற்று? தனிப் பயிற்சிக்கு லட்சக் கணக்கில் கொட்டிக் கொடுக்கத் தகப்பனுக்குப் பணமிருப்பதைத்தான் பிள்ளையின் தகுதி என்று இவர்கள் சொல்லுகின்றார்களா என்று கேட்கின்றோம்.

நிற்க, இடம் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது என்பதும் அந்த வருஷமே தெரிந்து போயிற்று. 2020 நவம்பரில் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த பிள்ளைகளில் சிலர், சம்பளம் கட்ட வழியில்லாமல் கைக்கு வந்த இடத்தை விட்டுவிட்டுக் கண்ணீரோடு திரும்பினார்கள். அதற்குப் பிறகுதான் அச்சம்பளத்தைச் சர்க்காரே கட்டும் என்ற அறிவிப்பு வந்தது. 2021-ல் இந்த ஏழரை ஒதுக்கீடு பொறியியல், விவசாயம், கால்நடை வைத்தியம், மீன்வளம், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் ஏற்பட்டு, படிப்புச் சம்பளம், விடுதிச் செலவு, கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றைச் சர்க்கார் ஏற்றுக் கொண்டது. பணமில்லாமல் இடம் மட்டும் கொடுப்பது, பசித்தவனைப் பந்தியில் உட்காரவைத்து இலையை மட்டும் போட்டுவிட்டுப் போவதற்குச் சமானமாகும்.

பிறகு மாதம் 1,000 ரூபாய் உதவியைப் பற்றியும் ஏளனம் செய்கின்றார்கள். சர்க்கார் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கான இத்திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் நம் வடசென்னைப் பாரதி மகளிர் கல்லூரியில்தான் துவக்கப்பட்டது. ஆண் பிள்ளைகளுக்கு 2024 ஆகஸ்டில் வந்தது. பெண்கள் விஷயத்தில் இது மிகவும் கவனிக்கத்தக்கதாகும். ஏனெனில், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் முன்பு கலியாணச் செலவுக்கும் தாலித் தங்கத்துக்கும் கொடுக்கப்பட்டு வந்த உதவிதான் படிப்புக்கென்று மாற்றப்பட்டது. கழுத்துக்குப் போன பணம் தலைக்குப் போகின்றது என்றால் அதற்காகப் பகுத்தறிவுள்ளவன் சந்தோஷப்படுவானா, துக்கப்படுவானா?

காசிமேட்டில் 12-ம் வகுப்பு முடித்த பையன் மறுநாள் விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போய் ஐஸ் பெட்டி தூக்கினால் அன்றைக்கே கையில் காசு வருகின்றது. கல்லூரிக்குப் போனாலோ மூன்று வருஷத்துக்கு அந்தக் காசு வீட்டுக்கு இல்லை. பஸ்ஸுக்கும், மத்தியானச் சோற்றுக்கும், புத்தகத்துக்கும் வீட்டிலிருந்து வேறு போகின்றது. இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் அநேகம் தாய் தகப்பன்மார் பிள்ளையைப் படிப்பிலிருந்து நிறுத்துகின்றார்களே ஒழிய, படிப்பின் அருமை தெரியாமலல்ல. மாதம் 1,000 ரூபாய் அந்தக் கூலிக்கு ஈடாகாது. ஆனாலும் பஸ்ஸுக்குத் தாயிடம் கையேந்த வேண்டாம் என்ற அளவுக்காவது அது உதவுகின்றது. இதையா சோம்பேறித்தனம் என்பது?

இனி, "இலவசம்" என்று சொல்லுகின்றவர்கள் கணக்கைப் பார்ப்போம். 2022 ஜூலையில் நாட்டின் பிரதம மந்திரியே இலவசங்களை மிட்டாய் வினியோகத்துக்கு ஒப்பிட்டுப் பேசினார். அதே சர்க்கார்தான் 2019 செப்டம்பரில் கம்பெனிகளின் வருமான வரியை 100-க்கு 30-லிருந்து 22 ஆகக் குறைத்தது. இதனால் வருஷத்துக்கு 1,45,000 கோடி ரூபாய் வரும்படி போகும் என்று நிதி மந்திரியே சொன்னார். முதலாளிக்கு விட்டுக் கொடுத்தால் அது "ஊக்கம்"; மூட்டை தூக்குகிறவன் பிள்ளைக்குக் கொடுத்தால் அது "இலவசம்"! ஐ.ஐ.டி.க்களுக்கு ஜனங்களின் வரிப்பணம் கோடிக் கணக்கில் போகின்றது. அங்கே படித்துவிட்டுச் சீமைக்குக் கப்பலேறிய பேர்வழிகளை யாராவது இலவசத்தில் படித்த சோம்பேறிகள் என்று சொன்னதுண்டா? இல்லை. ஆகவே இவர்களுக்கு உண்மையில் கோபம் பணம் செலவாவதன் மீதல்ல, அது போய்ச் சேருகின்ற ஆட்கள் மீதுதான் என்று விளங்கவில்லையா?

வடசென்னை ஜனங்கள் இந்நாட்டுக்குக் கொடுத்திருப்பது கொஞ்சமா? தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. துறைமுகம் இங்கே, மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இங்கே, எண்ணூரில் மின்சார நிலையம் இங்கே. நகரத்தின் மற்றப் பாகங்களுக்கு விளக்கு எரிகின்றது. சாம்பலும் புகையும் நமக்கு. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படகையும் வலையையும் நாசமாக்கியது. அதே மாதம் 26-ந் தேதி இரவு அம்மோனியா வாயு கசிந்து, மீனவக் குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு இருட்டில் ஓடின. இவ்வளவையும் சுவாசித்துக் கொண்டு உழைக்கிற ஜனங்களின் பிள்ளை, அந்த ஆலைகளையும் குழாய்களையும் சோதிக்கின்ற இஞ்சினீயராக வரவேண்டுமென்று கேட்டால் அது பிச்சையா? இயந்திரத்தில் அகப்பட்டு நசுங்கிய கைகளைச் சரி செய்வதில் பெயர் பெற்றது நம் ஸ்டான்லி ஆஸ்பத்திரி. நம் தொழிலாளி அதற்குள் நசுங்கின கையோடு போகலாம். அவன் மகள் புத்தகம் பிடித்த கையோடு போகக் கூடாதோ?

"தகுதி போச்சு" என்பதும் புதுப் பாட்டல்ல. 1928-ல் முத்தையா முதலியார் மந்திரியாயிருந்து வகுப்புவாரி உத்திரவை அமலுக்குக் கொண்டு வந்தபோதும் இதே ஓலந்தான். 1950-ல் கோர்ட்டுக்குப் போய் அதைச் செல்லாதென்று ஆக்கினார்கள். 1951-ல் அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டி வந்தது. அதற்குப் பின் இடஒதுக்கீட்டில் படித்த டாக்டர்கள் கையில்தான் நம் சர்க்கார் ஆஸ்பத்திரிகள் நடந்து வருகின்றன. நோயாளிகள் செத்தொழிந்து விட்டார்களா? வெளி மாகாணத்தார்கூட வைத்தியத்துக்குச் சென்னையைத் தேடித்தானே வருகின்றார்கள்!

இதனால் சர்க்கார் செய்ததெல்லாம் சரி என்று நாம் சொல்ல வரவில்லை. கமிட்டி 10 என்றதை ஏழரையாக்கியது ஏன்? 6-ம் வகுப்பிலிருந்து 12 வரை சர்க்கார் பள்ளியில் படித்தவர்களுக்கே இந்த ஒதுக்கீடு என்பதால், ராயபுரம் வட்டாரத்தில் உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும் கூலிக்காரர் பிள்ளைகள் வெளியே நிற்கின்றார்களே, அவர்கள் செய்த குற்றம் என்ன? மாத உதவியை உதவி பெறும் பள்ளிகளில் தமிழில் படித்தவர்களுக்கும் கொடுக்கிறவர்கள், இடத்தை மட்டும் மறுப்பது எந்த நியாயம்? சர்க்கார் கலைக் கல்லூரிகளில் நிரந்தர ஆசிரியர்களைப் போடாமல், ஆயிரக் கணக்கானவர்களைக் "கௌரவ விரிவுரையாளர்" என்ற பெயரில் அரைச் சம்பளத்தில் வைத்து ஓட்டுவதில் என்ன கௌரவமிருக்கின்றது? நல்ல ஆசிரியரில்லாத கல்லூரியில் இடம் கொடுப்பது தண்ணீரில்லாத கிணற்றைத் தானம் செய்வதாகாதா?

இன்னொன்றும் எச்சரிக்கையாகக் கவனிக்க வேண்டும். சென்னை ஹைக்கோர்ட் 2022 ஏப்ரலில் இந்த ஏழரையை ஒப்புக்கொண்ட போதே, 5 வருஷத்திற்குள் அதை மறுபரிசீலனை செய்யவேண்டும் என்றும் சொல்லியிருக்கின்றது. மறுபரிசீலனை என்றால் கூட்டுவதற்கும் இடமுண்டு. ஆனால் அதற்குக் குறைப்பதென்றே அர்த்தம் செய்கின்றவர்கள்தான் இந்த "இலவச"க் கூச்சலை ஓயாமல் போடுகின்றார்கள். ஏமாந்தால் கிடைத்ததும் போய்விடும்.

கடைசியாகத் தாய் தகப்பன்மார்களுக்கு ஒரு வார்த்தை. "நம் தலையெழுத்து துறைமுகக் கூலிதான்" என்று சொல்லாதீர்கள். தலையில் யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை. எழுத்தெல்லாம் சர்க்கார் உத்திரவில்தான் இருக்கின்றது. ஜாதகத்தைத் தூக்கிக் கொண்டு அலைவதை விட்டு, ஜாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றைப் பரீட்சை முடிவு வருமுன்பே வாங்கி வையுங்கள். விண்ணப்பம் போட நல்ல நாள் பார்க்காதீர்கள். ராகு காலம் தினமும் வந்து போகும். தவறிப்போன கடைசித் தேதி திரும்ப வராது. பக்கத்து வீட்டுப் பிள்ளை விஷயம் தெரியாமல் ஐஸ் பெட்டி தூக்கப் போனால் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பாத்தியதையைப் பிச்சையென்று நம்பி வெட்கப்படுகிறவன் இருக்கும் வரையில், அதைப் பிச்சையென்று சொல்லிப் பறித்துக் கொள்ளுகிறவனும் இருந்தே தீருவான்.