பெயரும் பழியும்

கிரிக்கெட்டில் மட்டையாளர் ஆட்டமிழக்கும் வழிகள் எத்தனை? “பத்து” என்பர் நம் தோழர்களுள் பலர். 2017-இல் விதிகளைத் திருத்தியபோது, பந்தைக் கையால் தொடும் குற்றத்தைக் களத்தில் இடையூறு செய்யும் குற்றத்தோடு சேர்த்துவிட்டார்கள். எனவே இன்று ஒன்பதே!

இவற்றுள் ஐந்து, பந்து வீச்சாளரின் கணக்கில் சேரும்: பௌல்டு, கேட்ச், எல்.பி.டபிள்யூ., ஸ்டம்பிங், ஹிட் விக்கெட். மற்ற நான்கு சேரா: ரன் அவுட், பந்தை இருமுறை அடித்தல், களத்தில் இடையூறு செய்தல், உரிய நேரத்தில் ஆட வராமை.

இப்பாகுபாடு வெறும் புள்ளிக் கணக்கன்று; பழி யாரைச் சாரும் என்பதையும் அதுவே முடிவு செய்கிறது. வினூ மன்கட்டின் கதை இதற்குச் சான்று.

1947 டிசம்பர், சிட்னி டெஸ்ட். மன்கட் பந்து வீச ஓடி வருகிறார். வீச்சு முனையில் நின்ற ஆஸ்திரேலியர் பில் பிரௌன், பந்து கையைவிட்டுப் புறப்படுமுன்பே கோட்டைத் தாண்டுகிறார். மன்கட் பந்தை வீசாமல் விக்கெட்டைத் தட்டிவிடுகிறார். ரன் அவுட்! அதே சுற்றுப்பயணத்தில் முன்னரும் ஒருமுறை, எச்சரித்த பிறகு, அவரை இவ்வாறே வெளியேற்றியிருந்தார். எதிரணித் தலைவர் பிராட்மனே பின்னாளில் தம் நூலில் மன்கட்டின் பக்கம் நின்றார். ஆயினும் உலகம் அச்செயலுக்கு “மன்கடிங்” என்று பெயரிட்டது. கோட்டைத் தாண்டியவர் பிரௌன். பழி சுமந்தவர் மன்கட்! அந்த விக்கெட் அவர் கணக்கிலும் சேரவில்லை. வசை மட்டும் சேர்ந்தது.

1952 பிப்ரவரியில் சென்னைக்கு வருவோம். இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைக் கண்ட ஆட்டம். மன்கட் வீழ்த்தியவை 12 விக்கெட்டுகள். முதல் இன்னிங்சில் மட்டும் நால்வர், கோட்டைவிட்டு வெளியே வந்து, விக்கெட் கீப்பர் சென்னிடம் ஸ்டம்பிங் ஆயினர். அங்கே எவரும் “எச்சரித்தீர்களா?” என்று கேட்கவில்லை, கை தட்டினார்கள். குற்றம் ஒன்றுதான்: கோட்டைத் தாண்டியது. ஒரு முனையில் அது திறமை, மறு முனையில் அது வஞ்சகமா? இதென்ன நீதி!

“முதலில் எச்சரிப்பது பண்பன்றோ?” என்பீர்கள். நட்பாட்டத்தில் எச்சரிப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் விதி அதைக் கேட்கவில்லை. கடைசி ஓவரில் ஓரடி முன்னே நகர்ந்தவன் ஒரு ரன்னைத் திருடலாம். அவனைப் பிடித்தவன் மட்டும் பண்பற்றவனா?

விதி நூலிலும் ஒரு குறை இருந்தது. இச்செயல் “முறையற்ற ஆட்டம்” என்னும் 41-ஆம் விதியின்கீழ் இருந்தது. முன்னே ஓடுபவனைக் குறித்த தலைப்பை, பிடிப்பவனைக் குறித்ததாகவே பலரும் கொண்டனர். 2019-இல் ஜெய்ப்பூரில் ஜாஸ் பட்லரை வெளியேற்றிய நம் சென்னை அஸ்வின் மீது பாய்ந்த வசைகள் நினைவிருக்கும். 2022 அக்டோபர் 1 முதல் அதை 38-ஆம் விதியாகிய ரன் அவுட்டுக்கே மாற்றிவிட்டார்கள். சொற்கள் பெரிதும் மாறவில்லை, இடம் மாறியது, பழியும் மாறியது.

விதி திருந்திவிட்டது, நம் நா திருந்தவில்லை. வான்கடே அரங்கின் ஒரு வாயில் மன்கட்டின் பெயரைப் பெருமையோடு தாங்கி நிற்கிறது. மாட்டுங்காத் திடலிலோ நாமே அப்பெயரை வசையாகக் கூவுகிறோம். தமிழர், மலையாளி, கன்னடர், தெலுங்கர் அனைவரையும் “மதராசி” என்ற ஒரே மூட்டையில் கட்டிய நகரம் இது. பிறர் இட்ட பெயர் எப்படிச் சுடும் என்பதை நம் பெற்றோரைக் கேளுங்கள். சுட்ட வடுவை அறிந்த நாம், இன்னொருவர் பெயரைச் சுடுசொல்லாக்கலாமா?

தோழர்களே! அடுத்த ஆட்டத்தில் எவரேனும் கோட்டைத் தாண்டினால் தயங்காமல் விக்கெட்டைத் தட்டுங்கள். நடுவர் விரலை உயர்த்தட்டும். “ரன் அவுட்” என்று மட்டும் சொல்லுங்கள்.