ஆகாயத்தில் ஒரு நடுகல்

சென்ற வாரம் ஒரு கலியாணத்தை முன்னிட்டுக் காரியாபட்டிக்குப் போயிருந்தோம். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் போகும் சாலையில் உள்ள ஊர் அது. மதுரை விமான நிலையம் அதிகத் தூரத்தில் இல்லை. ஆகையால் காரியாபட்டிவாசிகளுக்கு ஆகாய விமானம் ஓர் அதிசயமன்று. பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது தலைக்கு மேல் விமானம் போனால் ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. சாம்பார் வாளி எங்கே வருகிறது என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஊரில், சாப்பாடு முடிந்து மொட்டை மாடியில் காற்று வாங்கிக்கொண்டிருந்தபோது, ஆகாய விமானத்தைப் பற்றியே ஒரு தர்க்கம் கிளம்பிற்று. கிளப்பியவர் கலியாண வீட்டுப் பெரியவர். சிவகாசியில் ஒரு பட்டாசு ஆலையில் பல்லாண்டு காலம் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோருக்கும் அவர் 'அண்ணாச்சி'. அவருடைய பேத்தி, 2024-ஆம் வருஷம் அக்டோபர் 6-ஆம் தேதி சென்னை மெரினாக் கடற்கரையில் நடந்த விமானப் படை விழாவைத் தகப்பனாருடன் போய்ப் பார்த்தவள். அன்று எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் கைபேசியில் காட்டிக்கொண்டு வந்தாள். சீறிப் பாயும் ஜெட் விமானங்களுக்கு நடுவே, இரண்டு சுழல் விசிறிகளைச் சுற்றிக்கொண்டு, பருத்த உடலோடு நிதானமாகப் போகும் ஒரு விமானத்தின் படம் வந்தது.

"இது என்ன தாயி, இவ்வளவு மெதுவாகப் போகிறது?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"இது டக்கோடா, தாத்தா. பழைய காலத்து விமானம். எண்பது வயசு இருக்குமாம். யுத்தத்தில் இறந்தவர்களுடைய ஞாபகமாகப் பறக்க விடுகிறார்கள்."

அண்ணாச்சி சற்று நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நம் பக்கம் திரும்பினார்.

"எண்பது வயசுக் கிழவனான என்னை இந்த மாடிப்படி ஏற விடுவதற்கே வீட்டில் யோசிக்கிறார்கள். எண்பது வயசு யந்திரத்தை ஆகாயத்தில் ஏற்றுகிறார்களே! செத்தவர்களுக்கு மரியாதை செய்யப் போய், உயிரோடு இருக்கிற ஒரு பிள்ளையைச் சாகக் கொடுக்கலாமா ஐயா? காட்சிச் சாலையில் நிறுத்தி மாலை போட்டால் போதாதா?"

அன்றிரவு நாம் ஏதோ பதில் சொன்னோம். அது அவருக்கும் திருப்தி அளிக்கவில்லை, நமக்கும் அளிக்கவில்லை. ஆகவே இவ்வாரம் சாவகாசமாகப் பதில் கூற முயல்கிறோம்.

* * *

முதலில், அந்த விமானம் எதற்காகப் பறக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1947-ஆம் வருஷம் அக்டோபர் 27-ஆம் தேதி, தில்லியிலிருந்து கிளம்பிய டக்கோடாக்கள் சீக்கியப் படையின் முதலாவது பட்டாளத்தை ஸ்ரீநகரில் கொண்டுபோய் இறக்கின. காஷ்மீரப் பள்ளத்தாக்கு அன்று தப்பிப் பிழைத்ததற்கு அந்த விமானங்கள் முக்கியமான காரணம். அடுத்த வருஷம் மே மாதத்தில் மேஹர் சிங் என்ற தீரர், பதினோராயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள லே நகரில் டக்கோடாவை இறக்கினார். 1971-ஆம் வருஷத்து யுத்தத்திலும் டக்கோடா தொண்டு புரிந்தது.

மெரினாவில் பறந்த டக்கோடாவுக்குப் 'பரசுராமா' என்று பெயர். ராஜீவ் சந்திரசேகர் என்பவர் அதை வாங்கி, இங்கிலாந்தில் செப்பனிடச் செய்து, 2018-ஆம் வருஷம் விமானப் படைக்குக் காணிக்கையாகக் கொடுத்தார். அவருடைய தந்தையார் டக்கோடா ஓட்டிய விமானி. ஸ்ரீநகரில் படை இறக்கிய டக்கோடாவின் எண்ணான வி.பி. 905 என்பதையே இதற்கும் இட்டிருக்கிறார்கள். இதனுடன், விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்த டைகர் மாத், ஹார்வர்டு என்னும் பழைய விமானங்களையும் விமானப் படையார் பறக்கும் நிலையில் வைத்துக் காப்பாற்றி வருகிறார்கள்.

போரில் பட்ட வீரனுக்குக் கல் நடுவது தமிழருடைய பழைய வழக்கம். விருதுநகர்ச் சீமையிலும் அத்தகைய கற்கள் உண்டு. கல் ஓரிடத்தில் நிற்கும். அதைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. இந்த நடுகல்லோ ஆகாய வழியாக நம்மைத் தேடி வருகிறது. அந்த யந்திரத்தின் ஓசையைக் கேட்ட குழந்தை, "இது என்ன?" என்று கேட்கிறது. அப்படிக் கேட்டபடியால்தானே காரியாபட்டி மாடியில் 1947-ஆம் வருஷத்துக் கதை நடந்தது? ஆகையால் அந்த விமானம் பறக்க வேண்டும் என்பதே நமது கட்சி. ஆனால் அண்ணாச்சியின் கேள்விக்கு இது பாதிப் பதில்தான்.

* * *

எண்பது வயது என்பது தன்னளவில் பெரிய அபாயமன்று. இவ்விமானங்களை அக்கக்காகப் பிரித்துச் சோதித்து, தேய்ந்த உறுப்பை மாற்றி, மறுபடியும் பூட்டுகிறார்கள். தொல்லை அவற்றின் சுபாவத்தில் இருக்கிறது. 1931-இல் முதன்முதல் பறந்த டைகர் மாத்துக்கு மரச் சட்டமும் துணிப் போர்வையுமே இறக்கைகள். டக்கோடா தரையில் நிற்கும்போது மூக்கை நிமிர்த்தி, வாலைத் தாழ்த்தி நிற்கும். அதன் மூன்றாவது சக்கரம் வாலடியில் இருக்கிறது. டைகர் மாத், ஹார்வர்டு இவைகளும் வாலில் ஊன்றி நிற்பவையே. தரையில் ஓடும்போது ஹார்வர்டின் விமானிக்கு நேர் எதிரே இருப்பது தெரியாது. பாம்பு போல் வளைந்து வளைந்து ஓட்டிப் பக்கவாட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். குறுக்குக் காற்று சற்று பலமாக அடித்தால் இறங்குவது சங்கடம். எஞ்சினின் கீழ்ச் சிலிண்டர்களில் எண்ணெய் தேங்கியிருந்தால் முடுக்கும்போதே முறிந்துபோகும். அதனால் கிளப்புவதற்கு முன் விசிறியைக் கையால் சுற்றிப் பார்க்கிறார்கள்.

தனியாகப் போகும்போதே இவ்வளவு கவலை என்றால், அணிவகுத்துப் போவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. டைகர் மாத்துக்கு மணிக்கு நூறு மைல் போவதற்கே மூச்சு வாங்கும். ஹார்வர்டோ இருநூறு மைல் வரையில் போகக் கூடியது. மாட்டு வண்டியையும் ஜட்காவையும் மோட்டாரையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுவது போன்ற காரியம் இது. தரையில் மோட்டார் மெதுவாகப் போகலாம், வேண்டுமானால் நிற்கலாம். ஆகாயத்தில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு குறைந்தபட்ச வேகம் உண்டு. அதற்குக் கீழே போனால் இறக்கைகள் தாங்கும் சக்தியை இழந்துவிடும்.

ஆகவே முன்னணி விமானி தன் எஞ்சினை முழுப் பலத்தோடு ஓட்டுவதில்லை; பின்னால் வருகிறவன் எட்டிப் பிடிப்பதற்குக் கொஞ்சம் பலம் மிச்சம் வைக்கிறான். திரும்பும்போது மெல்லத் திரும்புகிறான். பின்னால் வருகிறவன் ஜனங்களைப் பார்ப்பதில்லை, கடலைப் பார்ப்பதில்லை. முன்னணி விமானம் ஒன்றையே பார்த்துக்கொண்டு வருகிறான். அது ஒரு கணம் கண்ணுக்கு மறைந்துவிட்டால், தேடிக்கொண்டிருக்கக் கூடாது. முன்பே பேசி வைத்த திக்கில் உடனே விலகிப் போய்விட வேண்டும். இறந்தவர்களுக்கு அஞ்சலியாக, அணியிலிருந்து ஒரு விமானம் மட்டும் பிரிந்து மேலே எழும்பி மறையும் காட்சி ஒன்று உண்டு. பார்ப்பவர்கள் கண் கலங்கும் அந்தக் கணத்தில், மேலே ஆகாயம் காலியாக இருக்கிறதென்பது அந்த விமானிக்கு முன்கூட்டியே நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவும் 'முன்பே', 'முன்கூட்டியே' என்றுதான் முடிகின்றன என்பதை நேயர்கள் கவனித்திருப்பார்கள்.

* * *

அவ்வாறு முன்கூட்டிச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்தார் கண்ணாரக் கண்டார்கள். 2022-ஆம் வருஷம் நவம்பர் 12-ஆம் தேதி அங்கே இரண்டாவது உலக யுத்தகாலத்து விமானங்களின் காட்சி நடந்தது. பி-17 என்னும் பெரிய குண்டுவீச்சு விமானம் ஒரு வழியில் வந்துகொண்டிருந்தது. வேகமான சண்டை விமானங்கள் வேறொரு வழியில் வந்தன. அவற்றில் ஒன்று சாய்ந்து திரும்பியபோது பி-17-ன் மீது மோதி அதை இரண்டாகப் பிளந்துவிட்டது. பி-17-இல் இருந்த ஐவரும், மோதிய விமானத்தில் இருந்த ஒருவரும், ஆக ஆறு பேர் மாண்டனர்.

அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தார் விசாரித்துச் சொன்ன முடிவு கவனிக்கத்தக்கது. விமானங்களின் வயது காரணமன்று. எந்த விமானம் எந்த உயரத்தில், எந்த வழியில் போக வேண்டும், ஒன்றிலிருந்து ஒன்று எவ்வாறு விலகியிருக்க வேண்டும் என்னும் போதிய திட்டம் தரையிலேயே வகுத்து விமானிகளுக்குச் சொல்லப்படவில்லை. தரையிலிருந்து ஒருவர் அவ்வப்போது ரேடியோவில் உத்தரவு கொடுப்பார். விமானிகள் ஒருவரையொருவர் பார்த்து விலகிக்கொள்வார்கள் என்று நம்பியிருந்தார்கள். சாய்ந்து திரும்பும் விமானத்தில் இருப்பவனுக்குத் தன் விமானமே கண்ணை மறைக்கும். நம்பிக்கை பொய்த்தது.

இந்தக் கதையை அன்றிரவு சொன்னபோது அண்ணாச்சி குறுக்கே பேசவில்லை. முடித்ததும், "எங்கள் தொழிலிலும் அதுதான் ஐயா" என்றார். "ஓர் அறைக்கு நாலு பேர், அதற்கு மேல் கூடாது. அறைக்கும் அறைக்கும் இத்தனை தூரம் என்று கணக்கு. மருந்து பற்றிக்கொண்ட பிறகு 'இங்கே ஓடு, அங்கே ஓடு' என்று எவன் கத்தினாலும் பிரயோஜனமில்லை. இடைவெளிதான் காப்பாற்றும். அது நெருப்புக்கு முன்னாலேயே அங்கே இருக்க வேண்டும்."

அமெரிக்க நிபுணர்கள் பக்கம் பக்கமாக எழுதியதைக் காரியாபட்டிப் பெரியவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். 2012-ஆம் வருஷம் செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் 30-க்கு மேற்பட்டோர் மாண்டதையும், 2024-ஆம் வருஷம் மே முதல் தேதியன்று காரியாபட்டிக்கு அருகிலேயே கல்குவாரியின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துத் தொழிலாளர்கள் மாண்டதையும் அறிந்தவர் அவர். அவர் சொல் ஏட்டுப் படிப்பினால் வந்ததன்று.

* * *

"இத்தனை வருஷமாகச் செய்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே!" என்று சொல்பவர்கள் எந்தத் தொழிலிலும் உண்டு. அவர்களுக்கு ஆப்ரஹாம் வால்ட் என்ற கணித நிபுணரின் கதையைச் சொல்ல வேண்டும். இரண்டாவது உலக யுத்தத்தில், சண்டையிலிருந்து திரும்பி வந்த விமானங்களில் குண்டு துளைத்த இடங்களைக் கணக்கெடுத்தார்கள். துளைகள் மிகுந்த இடத்துக்குக் கவசம் போடலாமா என்ற யோசனை எழுந்தது. வால்ட் அந்தக் கணக்கை மறுபுறமாகப் பார்த்தார். துளைபட்டும் திரும்பி வந்தவையே கண்ணெதிரே நிற்கின்றன. வேறிடத்தில் அடிபட்டவை திரும்பி வரவேயில்லை. பாடம் அவற்றிடம் இருக்கிறது என்றார். விதி என்று சொல்வதா, வேறென்ன சொல்வது? 1950-ஆம் வருஷம் டிசம்பர் 13-ஆம் தேதி, நம்முடைய நீலகிரி மலையில் மோதி விழுந்த டக்கோடா ஜாதி விமானத்தில் வால்ட் தம் மனைவியுடன் இறந்தார்.

திரும்பி வராத விமானங்களிடம் பாடம் கேட்டவர்களும் இருக்கிறார்கள். 2015-ஆம் வருஷம் மே 8-ஆம் தேதி, ஐரோப்பிய யுத்தம் முடிந்த எழுபதாவது ஆண்டு நிறைவுக்காக, ஐம்பதுக்கு மேற்பட்ட பழைய விமானங்கள் வாஷிங்டன் நகரத்தின் மீது அணியணியாகப் பறந்தன. அவற்றில் ஒன்று புகைந்தது. அவ்வேளையில் நகரத்து விமான நிலையத்தில் மற்றப் போக்குவரத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்த விமானி அணியிலிருந்து விலகி அங்கே பத்திரமாக இறங்கினார். ஒருவருக்கும் காயமில்லை.

இங்கிலாந்தில் 1957-ஆம் வருஷம் முதல் பழைய போர் விமானங்களை ஞாபகார்த்தமாகப் பறக்க வைத்துவரும் படைப் பிரிவு ஒன்று உண்டு. 2024-ஆம் வருஷம் மே 25-ஆம் தேதி அதன் ஸ்பிட்பயர் விமானம் ஒன்று விழுந்து விமானி இறந்தார். பன்னிரண்டே நாளில், ஜூன் 6-ஆம் தேதி, நார்மண்டிப் படையிறக்கத்தின் எண்பதாவது ஆண்டு விழா. அவ்விமானங்கள் பறக்க அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. ஆயினும் காரணம் தெரியாமல் பறப்பதில்லையென்று பறப்பதை நிறுத்திவிட்டார்கள். விழாவுக்குத் தம் விமானங்களை அனுப்பவில்லை. இந்த 'இல்லை' என்ற சொல்லைச் சொல்வதற்கு, பறப்பதற்கு வேண்டிய தைரியத்தைவிட அதிகத் தைரியம் வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெரினாவில் விமானங்கள் கூட்டத்தின் தலைக்கு மேல் வட்டமிடாமல் கடலின் மேல் பறந்தன. அது சரியான ஏற்பாடு. ஆனால் தரையில், லட்சக்கணக்கில் கூடிய ஜனங்களிடையே வெயிலின் கொடுமைக்கு ஆளாகி ஐந்து பேர் உயிரிழந்தனர். ஆகாயத்துக்குப் போட்ட கணக்கைத் தரைக்கும் போட வேண்டும்: எத்தனை பேர், எவ்வளவு நிழல், எவ்வளவு தண்ணீர், வெளியேற எத்தனை வழி என்று. விழா என்பது விமானத்தோடு முடிந்துவிடுவதன்று.

* * *

ஆகவே, அண்ணாச்சி, நமது பதில் இது: பரசுராமா பறக்கட்டும். ஆனால் உயரமும் வழியும் வேளையும் தரையிலேயே தீர்மானமாகி இருக்கட்டும். காற்று சரியில்லையென்றாலும், எஞ்சின் ஓசை சரியில்லையென்றாலும், அன்று பறப்பதில்லை என்று சொல்லும் அதிகாரம் விமானிக்கும் யந்திரம் பார்ப்பவருக்கும் இருக்கட்டும். எத்தனை பெரிய மனிதர் மேடையில் காத்திருந்தாலும் அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் இருக்கக் கூடாது.

நேயர்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. என்றாவது ஒரு நாள் குழந்தை குட்டிகளோடு கடற்கரைக்குப் போய், நெடு நேரம் அண்ணாந்து பார்த்து, "இன்று பழைய விமானம் வராது" என்ற அறிவிப்பைக் கேட்க நேரலாம். அப்போது முணுமுணுக்காமல் வீடு திரும்ப வேண்டும். யாரோ ஒருவர் தம் பிள்ளையும் அன்று மாலை பத்திரமாக வீடு திரும்பினான். எந்த வீரர்களுக்காக அந்த விமானம் பறக்க இருந்ததோ, அவர்கள் அதைவிடப் பெரிய மரியாதையைக் கேட்கமாட்டார்கள்.