கணினிப் பொறியியல்: முதலாம் ஆண்டிலேயே கையில் கருவி வேண்டும்

கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற்பீடத்தில் கணினிப் பொறியியலும் கற்பிக்கப்படுகிறது. அங்கும் ஏனைய பல்கலைக்கழகங்களிலும் இத்துறைக்குள் நுழையும் எமது பிள்ளைகள் பெரும்பாலும் கடதாசியில் படித்து வந்தவர்கள். உயர்தரப் பௌதிகவியலில் பரிசோதனை பற்றிய வினாக்களுக்கும் விடை எழுத்திலேயே. கடந்தகால வினாத்தாள்களைக் கரைத்துக் குடித்த ஒருவர், ஒரு தடையியைத் தொட்டுப் பார்க்காமலே பொறியியல் மாணவராகிவிட முடியும்.

இக்குறை எமக்கு மட்டும் உரியதல்ல. கணினி அறிவியல் படிக்க வருவோரிடம் செய்முறை அனுபவம் குறைந்து வருவதைக் கேம்பிரிட்ஜில் கண்ட எபென் அப்டனும் சகாக்களும் உருவாக்கியதே, 2012 இல் விற்பனைக்கு வந்த ராஸ்பெரி பை என்ற மலிவுக் கணினி.

கருவியைக் கையில் கொடுத்தால் என்ன மாறும்? பொத்தானை எத்தனை தடவை அழுத்தினோம் என்று எண்ணும் சிறு கருவியை எடுத்துக்கொள்வோம். தர்க்கப்படி செய்நிரல் சரி. ஆனால் ஒருதரம் அழுத்த, மூன்று, நான்கு என்று காட்டும். பொத்தானுக்குள் இருக்கும் உலோகத் தொடுகைகள் நிலையாகப் பொருந்துமுன் சில மில்லிசெக்கன்கள் துள்ளுகின்றன. ஒவ்வொரு துள்ளலும் ஓர் அழுத்தமாகக் கணக்கில் சேர்கிறது. சற்றுப் பொறுத்து மீண்டும் பார்க்குமாறு செய்நிரலை மாற்றலாம். அல்லது சுற்றில் ஒரு கொள்ளளவியைச் சேர்க்கலாம். எது மலிவு, எது நம்பகமானது என்று முடிவெடுக்கும்போதே மாணவர் பொறியியலாளராகத் தொடங்குகிறார்.

எமது சமூகத்துக்கு இது புதிதுமல்ல. 1990களின் பொருளாதாரத் தடைக்குள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. இவற்றைச் செய்தவர்களில் பலரிடம் பட்டம் இருக்கவில்லை.

இன்றைய தடை பணம். 2022 இல் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டது. இறக்குமதியாகும் இலத்திரனியல் பாகங்களின் விலையும் ஏறியது. ஒரு குழுவுக்கு ஒரு பலகை என்றால், ஏற்கெனவே பழகியவரே அதைக் கையாள்வார். வீட்டில் கணினியே இல்லாமல் வந்த பிள்ளை அறிக்கை எழுதிக்கொடுப்பதோடு நின்றுவிடும். போரில் உழைப்பாளியை இழந்த குடும்பங்களின் பிள்ளைகளே இதில் அதிகம் பின்தங்குவர்.

எனவே ஒவ்வொரு முதலாம் ஆண்டு மாணவருக்கும் விடுதிக்குக் கொண்டுசெல்லக்கூடிய சிறு கருவித் தொகுதி இரவலாகக் கிடைக்க வேண்டும். கருவி இயங்கியதற்கு மட்டுமன்றி, பழுதைக் கண்டுபிடித்த விதத்துக்கும் புள்ளி வழங்க வேண்டும். கட்டடங்களுக்கும் பரிசளிப்பு விழாக்களுக்கும் உதவும் புலம்பெயர் உறவுகளும் பழைய மாணவர் சங்கங்களும், அந்நிதியில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குவது பற்றிச் சிந்திக்கலாம்.