பாலாற்றங்கரையிலிருந்து கடற்கரைக்கு

சென்ற மாதம் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். ஆம்பூரில் காலணித் தொழிற்சாலை ஒன்றில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்து, மேற்பார்வையாளர் நிலைக்கு உயர்ந்தவர். அவருடைய தந்தையார் தோல் ஷாப்பில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தோல் பதனிடும் ஆலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். வேலையை விட்டுவிட்டு, புதுச்சேரிக்குத் தெற்கே ஒரு மீனவ ஊரில் நான்கு அறைகள் கொண்ட சிறு விடுதி தொடங்கப்போவதாகச் சொன்னார். யார் வந்து தங்குவார்கள் என்று கேட்டேன். “கடலுக்கு அடியில் போய்ப் பார்க்க வருகிறவர்கள் சார். ஸ்கூபாக்காரர்கள்” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. “உனக்கு நீச்சல் தெரியுமா?” என்றேன். “முப்பத்திரண்டு வயதில் கற்றுக்கொண்டேன் சார். நம்ம ஆற்றில் கற்றுக்கொள்ள முடியுமா?” என்று திருப்பிக் கேட்டார். அதன்பிறகு நான் சிரிக்கவில்லை.

அவர் போன பின்பு பல நாட்கள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். உற்றார் உறவினர் எல்லோரும் இதைக் கிறுக்குத்தனம் என்கிறார்கள். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுக் கடலை நம்பிப் போகிறவனை வேறென்ன சொல்வார்கள்? நான் அப்படி நினைக்கவில்லை. அவர் போக வேண்டும். ஆனால் எங்கிருந்து போகிறார் என்பதை மறந்துவிட்டுப் போகக்கூடாது. இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்.

கடலில் மூழ்குவதற்காகவே ஊர் மாறியவர்களுக்கு நமக்குப் பக்கத்திலேயே பெயர்பெற்ற ஓர் உதாரணம் உண்டு. அறிவியல் புனைகதை ஆசிரியர் ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். அவரை அங்கே இழுத்ததில் முதலிடம் கடலடிக்குத்தான். அதே ஆண்டில் அவரும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் திருகோணமலைச் சுவாமிப் பாறையின் அடிவாரத்தில் மூழ்கி, போர்த்துக்கீசியர் பதினேழாம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கண்டார்கள். சம்பந்தர் பாடிய தலம் அது. அதன் தூண்கள் கடலடியில் கிடப்பதைப் படமெடுத்து உலகுக்குக் காட்டியவர்கள், பொழுதுபோக்காக மூழ்கப் போன இரண்டு வெளிநாட்டவர். மைக் வில்சன் பிற்காலத்தில் சுவாமி சிவகல்கி என்ற பெயரில் துறவியானார். கிளார்க்கின் முக்குளிப்பு நிலையம் ஹிக்கடுவையில் இருந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அதன் படகுகளையும் கருவிகளையும் கொண்டுபோயிற்று. போலியோவின் பின்விளைவால் நடக்க இயலாமற்போன காலத்திலும் அவர் நீருக்குள் இறங்கியவர். நிலத்தில் சுமையாக இருந்த உடல் நீரில் எடையற்றுப் போவதை அவர் நேசித்தார். 2008இல் இறக்கும்வரை அந்தத் தீவை விட்டு அவர் போகவில்லை.

ஆக, கடலடியைக் காணும் ஆசைக்காக ஒருவன் வாழ்வை மாற்றிக்கொள்வது புதிதும் அன்று, கிறுக்கும் அன்று. ஆனால் கிளார்க்குக்கும் என் மாணவருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. என் மாணவர் ஓர் ஆறு செத்துப்போனதைப் பார்த்துவிட்டுப் போகிறவர்.

பாலாறு கர்நாடகத்தில் 93 கிலோமீட்டரும் ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும் தமிழகத்தில் 222 கிலோமீட்டரும் ஓடி, கல்பாக்கத்துக்கு அருகே வயலூரில் கடலைச் சேர்கிறது. ‘ஓடி’ என்று எழுதுவது இலக்கண மரியாதைக்காக. 2021 நவம்பரில் கரைபுரண்டு வந்ததுபோல் எப்போதாவது ஒருமுறை அது தன்னை நினைவூட்டும். மற்ற நாட்களில் அது மணற்பரப்புதான். அந்த மணலுக்குக் கீழே இருந்த நீரைத்தான் நாங்கள் குடித்தோம், பாய்ச்சினோம், பிறகு விற்றோம். விற்றோம் என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறேன். ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் ஆகிறது. அந்தத் தண்ணீர் தெளிவாகத் திரும்பி வருவதில்லை.

இதில் உப்பின் கதை தனியே சொல்லத்தக்கது. பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்பிட்டு அனுப்புவார்கள். ஆலைக்கு வந்ததும் முதல் வேலை, ஊறவைத்து அந்த உப்பைக் கழுவுவது. ஏதோ ஓர் உப்பளத்தில் விளைந்த கடலுப்பு, தோலின் முதுகில் ஏறி எங்கள் ஊருக்கு வந்து கிணறுகளில் இறங்கியது. கடலைக் கண்ணால் பாராத ஊர்களில் கிணற்று நீர் கரித்தது. என் வீட்டுக் கிணற்றையும் மூடிப் பல ஆண்டுகள் ஆகின்றன. குடிநீர் கேனில் வருகிறது.

1996 ஆகஸ்ட் 28இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமற்போனதை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்ற இரு கொள்கைகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. இன்று சட்டக் கல்லூரி மாணவர்கள் எல்லோரும் வேலூரின் பெயரை இத்தீர்ப்பின் வழியாகவே படிக்கிறார்கள். ஆனால் இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்று 2025 ஜனவரி 30இல் அதே நீதிமன்றம் மறுபடியும் ஆணையிட வேண்டியிருந்தது. இடையில் 28 ஆண்டுகள்.

நீரில் மூழ்குவது என்றால் எங்கள் பக்கத்தவருக்கு நினைவுக்கு வருவது பவளப்பாறை அன்று. 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்தது. அருகில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். கடலிலிருந்து வெகுதொலைவில், உறக்கத்தில்.

தோல் தொழிலைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. அந்தத் தொழில் எங்கள் ஊர்ப் பெண்களின் கையில் முதன்முதலாகச் சம்பளத்தைக் கொடுத்தது. என் மாணவர்களில் பாதிப்பேருக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியதும் அதுவே. தோலுக்குத் தண்ணீர் வேண்டும், அது தெளிவாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை என்பதுதான் அதன் குறை. முக்குளிப்போர் விடுதி இதற்கு நேர்மாறானது. அங்கே விற்பனைப் பொருளே நீரின் தெளிவுதான். பத்து மீட்டர் தொலைவில் உள்ள மீன் கண்ணுக்குத் தெரிந்தால் அறைக்கு ஆள் வரும், தெரியாவிட்டால் வராது. நீரைக் கெடுத்தால் அன்றைக்கே நட்டம் வரும் தொழில்கள் உலகில் மிகச் சிலவே. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அப்படியொரு தொழிலைத் தேடிப் போகிறார் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்தத் தொழிலும் தானாகவே தூயதாகிவிடாது. நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆழங்குறைந்த இடத்தில் பவளத்தின் மேலேயே நின்று மிதித்த பார்வையாளர்களால் அது பட்ட பாடு கொஞ்சமன்று. பார்க்க வருகிறவனின் காலும் அழிக்கும். நம் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கிவிட்டன. சுற்றியிருந்த பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காக வெட்டியெடுத்தது அதற்கு முக்கிய காரணம். கரையில் நின்றவர்களுக்குப் பவளம் வெறும் கல், வெட்டினார்கள். உள்ளே இறங்கிப் பார்த்தவன் அதை உயிர் என்று அறிவான். பார்வை அவ்வளவு முக்கியம். ஆனால் பார்வை மட்டும் போதாது.

எனவே என் மாணவரிடம் நான் கேட்க விரும்பும் முதற்கேள்வி: உன் விடுதியின் கழிவுநீர் எங்கே போகும்? நான்கு அறை, ஒரு சமையற்கட்டு, நனைந்த உடைகளை அலச ஒரு தொட்டி. இவற்றின் நீர் மணலில் இறங்கினால் சில மாதங்களில் கடலுக்குத்தான் போய்ச் சேரும். ஆழ்துளைக் கிணறு தோண்டி இறைத்துக்கொண்டேயிருந்தால், நன்னீர் குறையக் குறையக் கடல்நீர் உள்ளே புகும். பக்கத்துக் குடிசைக்காரரின் கிணறு கரிக்கும். ஆம்பூரில் தோலின் முதுகில் வந்த உப்பு, அங்கே நம் மோட்டாரின் வாய்வழியே வரும். 2019ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கடற்கரைகளில் கட்டுமானம் கூடாத எல்லையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கியது. சட்டம் இடம் கொடுக்கிறது என்பதற்காக அலையின் மடியில் போய் உட்கார வேண்டியதில்லை. எங்கள் ஊரிலும் சட்டம் நெடுங்காலம் இடம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது.

இரண்டாவது கேள்வி: உன் கயிற்றை யார் பிடிப்பார்கள்? முத்துக்குளிக்க இறங்குகிறவனின் கயிற்றை அவன் மைத்துனன் பிடிப்பான் என்று சொல்வது வழக்கம். தங்கை தாலியறுப்பதை அண்ணன் விரும்பமாட்டான் என்பது அதன் கணக்கு. தூத்துக்குடியில் 1961க்குப் பின் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சங்கு குளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இராமநாதபுரம் கடற்கரையில் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, முகக்கண்ணாடி அணிந்து, மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். குளியாள் என்று நாம் சொல்கிறோம். ஈழத்தமிழர் சுழியோடி என்பார்கள். சொல் நம் மொழியில் இருக்கிறது, தொழிலும் இருக்கிறது. ஆனால் ஸ்கூபா விளம்பரங்களில் அந்த முகங்கள் இருப்பதில்லை. மீனவ ஊரின் நடுவே விடுதி கட்டி, படகோட்டியையும் வழிகாட்டியையும் வெளியிலிருந்து கூட்டிவந்தால், அது இன்னொரு தொழிற்சாலை மதிலாகத்தான் முடியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. வடகிழக்குப் பருவமழையில் கலங்கிய கடல் தெளிந்திருக்கும் மாதங்கள் அவை. விசைப்படகில் போகிறவர்களுக்கு வருமானமில்லாத அந்நாட்களில் விருந்தினரை அழைத்துச்செல்லும் வேலையை அவர்களுக்கே கொடுக்கலாம். கடலின் அடிப்பாறைகளை எந்தக் கருவியும் இல்லாமல் அறிந்தவர்கள் அவர்கள்.

நேற்று அவரைத் தொலைபேசியில் அழைத்து இவ்விரண்டு கேள்விகளையும் கேட்டேன். சிறிது நேரம் பேசாமலிருந்தார். “கழிவுத் தொட்டிக்கு இன்னும் வரைபடம் போடவில்லை சார். முதலில் அதைப் போட்டுவிட்டு அறைகளைப் போடுகிறேன்” என்றார். பிறகு, “அப்பாவையும் கூட்டிப்போகிறேன். ஆம்பூர் பிரியாணிக்கு அவர்தான் பொறுப்பு” என்றார்.

கோடை விடுமுறையில் வரச்சொல்லியிருக்கிறார். இந்த வயதில் நான் கடலுக்குள் இறங்குவேனா என்று தெரியவில்லை. ஆனால் போனதும் அவர் வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு குவளை நீர் வாங்கிக் குடித்துப் பார்ப்பேன். அடுத்த வீட்டுக் கிணற்றிலிருந்தும்.